ஸ்ட்ராபெரி வாசனை வீசிய ஈயக்குண்டு

தடய அறிவியல் ஆய்வகத்தின் துப்பாக்கிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொல்லி என்னைக் கேட்டிருக்கிறார்கள். வேலையில் இருந்த காலத்தில் நான் சொன்ன எதையும் யாரும் கேட்டதில்லை. ஓய்வுபெற்றபின் கேட்கிறார்கள். அதற்குப் பரிகாரம் செய்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நுண்ணோக்கியை எப்படித் துடைப்பது, அரக்கு முத்திரையை எப்படி உடைப்பது என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதற்குக் கையேடு இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை, ஆனால் இருக்கிறது. சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்குமே, அந்தப் பின்னுதைப்புக்கும் அதில் ஒரு சூத்திரம் போட்டிருப்பார்கள். குண்டின் எடை, மருந்தின் அளவு, துப்பாக்கியின் எடை, எல்லாம் போட்டுக் கணக்குப் பண்ணினால் ஓர் எண் வரும். தேர்வில் அந்த எண்ணுக்கு மதிப்பெண் கிடைக்கும். தோள்பட்டைக்கு என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரிய வந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. நான் மல்லேஸ்வரத்திலிருந்து பஸ்ஸில் ஆய்வகத்துக்கு வருவேன். தாத்தா மைசூர் சமஸ்தான உத்தியோகம், அப்பா செக்ரடேரியட், நான் துப்பாக்கி. குடும்பம் படிப்படியாக முன்னேறிவருவதாக அப்பா நினைக்கவில்லை. எனக்குப் பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில் எங்கள் மாமா "பையன் துப்பாக்கி டிபார்ட்மெண்ட்" என்று சொல்லிவைத்தார். காபி சீக்கிரம் வந்தது. நாங்களும் சீக்கிரம் எழுந்துகொண்டோம்.

ஒருநாள் காலை சிவண்ணா என்ற கான்ஸ்டபிள் வந்தார். நகரத்துக்குத் தெற்கே காட்டோரமாக இருந்த ஒரு ஸ்டேஷன் அவருடையது. வெள்ளைத் துணியில் சுற்றி, தைத்து, முத்திரை வைத்த நீளமான ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். ஹெப்பகோடியில் பஸ் மாறி, நின்றுகொண்டே வந்து, பாதி வழியில் இடம் கிடைத்து, பொட்டலத்தை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். பக்கத்து சீட்டுக்காரர் அது என்ன, கரும்பா என்று கேட்டாராம்.

பிரித்தேன். நாட்டுத் துப்பாக்கி. பயிர்க்காவலுக்கு உரிமம் கொடுப்பார்களே, அந்த ரகம். குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, மேலே துணியையோ காகிதத்தையோ அடைத்து, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். பின்னால் ஒரு சின்னக் கேப்பு, தீபாவளிக் கேப்புக்குப் பெரியண்ணன் மாதிரி. மற்றத் துப்பாக்கிகளை மடக்கித் திறந்து, உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். இதில் முடியாது. உள்ளே மருந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளியே ஒரே முகம்தான்.

"சிவண்ணா, இது லோடு ஆகியிருக்கா?"

"இல்ல சார். மகஜர்ல காலின்னு எழுதிருக்கு."

"யார் பாத்து எழுதினது?"

"ரைட்டர் எழுதினார் சார்."

"பாத்தா?"

"எழுதினார் சார்."

மெல்லிய மரக்குச்சி ஒன்றைக் குழலுக்குள் அடி வரை விட்டு, வாயருகே ஒரு கோடு போட்டேன். பிறகு அதே குச்சியை வெளியே, குழலை ஒட்டி வைத்துப் பார்த்தேன். ஒரு கையகலம் குறைந்தது. குழலின் அடியில் ஏதோ உட்கார்ந்திருந்தது.

"சிவண்ணா, இதுல கேப்பு ஒண்ணுதான் போடல. மத்ததெல்லாம் ரெடி."

அவர் முகம் வெளுத்தது. "தேவரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "மடியில வெச்சுட்டு வந்தேன் சார். பக்கத்துல ஒரு ஹெங்கசு, பொம்பள, புள்ளய வெச்சுட்டு உக்காந்திருந்தா சார்." தண்ணீர் கொடுத்தேன். செம்பு முழுக்கக் குடித்தார்.

எங்கள் பிரிவுத் தலைவர் அப்போதுதான் உள்ளே வந்தார். கன்னடக்காரர். என்னிடம் மட்டும் தமிழ் பேசுவார். அந்தத் தமிழில் பாதி அவருடையது. பேரைச் சொல்ல மாட்டேன். என் பேரைப் போட யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டு எழுத்துமூலம் விளக்கம் வாங்கும் மனிதர். துப்பாக்கியையும் தரையில் கிடந்த கான்ஸ்டபிளையும் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. மாடியில் ஓர் அவசரக் கூட்டம் இருப்பது அவருக்கு நினைவுக்கு வந்தது.

"நீவு நோடிக்கொள்ளி. ஜாக்கிரதை ரீ," என்று, பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டு அவர் வயதுக்கு மீறிய வேகத்தில் படியேறினார்.

கெட்டித்த மருந்தை வெளியே எடுப்பதில் பெரிய வீரம் எதுவும் கிடையாது. பொறுமைதான் வேண்டும். பின்பக்கத் துளை வழியாக எண்ணெய் விட்டு மருந்தை ஊறவைத்தேன். மதியச் சாப்பாடு முடித்து வந்து, முனையில் திருகு வைத்த கம்பியால் குண்டை மெல்ல இழுத்தேன். உருண்டையான ஈயக்குண்டு ஒன்று, ஒரு துணித்துண்டுக்குள் புதையல் மாதிரி சுருண்டு வெளியே வந்தது. அதன் பின்னால் எண்ணெயில் குழைந்த கருஞ்சேறாக மருந்து வந்தது. அது குழலில் பிடித்திருந்த நீளத்தைப் பார்த்தால், பன்றி விரட்டுகிறவன் போடுவதைப்போல் இரண்டு மடங்கு.

பொட்டலத்தோடு ஒரு சின்ன பாட்டிலும் வந்திருந்தது. காட்டோரம் சுடப்பட்டுக் கிடந்த ஒரு புள்ளிமான்தான் வழக்கு; அதன் உடலிலிருந்து கால்நடை டாக்டர் எடுத்த குண்டு பாட்டிலில் இருந்தது. நசுங்கியிருந்தாலும் எடை கிட்டத்தட்ட அதே எடை.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒன்று சொல்கிறேன். நாட்டுத் துப்பாக்கியில் என்ன குண்டு போடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள், பிடித்தவன் யார் என்று பாதி தெரிந்துவிடும். ஏழை தேர்ந்தெடுப்பதில்லை. கிடைப்பதைப் போடுவான். சைக்கிள் கடையில் பொறுக்கிய பால்ரஸ், உடைந்த ஆணி, கூழாங்கல் வரை பார்த்திருக்கிறேன். கறிக்காக மான் அடிக்கிறவன் பெரிய ஈய ரவையாக ஒரு பிடி போடுவான். மான் நின்று காட்டாது, ஏதாவது ஒன்று பட்டால் போதும் அவனுக்கு. குழலின் வாய்க்குச் சரியாக அச்சில் வார்த்த ஒற்றைக் குண்டை, வழுக்கிக்கொண்டு போக மெழுகு தடவிய துணியில் சுற்றி, அளந்த மருந்தின் மேல் வைக்கிறவன் வேறு ஆள். அவனுக்குக் கறி முக்கியமில்லை. தோலில் ஓட்டை ஒன்றுக்கு மேல் விழக் கூடாது. அவனிடம் வழவழப்பான தாளில் அச்சடித்த ஏதாவது வெளிநாட்டுப் பத்திரிகை இருக்கும்.

"யாரைப் பிடிச்சிருக்கீங்க?" என்று சிவண்ணாவிடம் கேட்டேன்.

"வாட்ச்மேன் சார். மாதையன். கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆளு. எங்க ஸ்டேஷன் லிமிட்ல ஒரு பெரிய தோட்டம், பார்ம் ஹவுஸ் இருக்கு. ஓனர் கார்மெண்ட்ஸ் பேக்டரி வெச்சிருக்கார். லைசென்ஸ் ஓனர் பேர்ல, கன்னு வாட்ச்மேன் கையில. ஒத்துக்கிட்டான் சார், தகராறே இல்ல." ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "ஓனர் பையன் ஸ்வல்பமும் கர்வமில்லாத பையன் சார். அமெரிக்காவுல படிச்சவன். ஸ்கூட்டர்லருந்து விழுந்து கைய தொட்டில்ல கட்டிருந்தான். அந்த நோவுலயும் ஸ்டேஷனுக்கு வந்து, எங்க வாட்ச்மேன் தப்பு பண்ணிட்டான்னு அவனே சொன்னான். அப்படி ஒரு மனசு."

நானும் அந்த மனசை வியந்தேன். அப்போது அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை.

குண்டைச் சுற்றியிருந்த துணியை வேதியியல் பிரிவுக்கு எடுத்துப்போனேன். அங்கே ஸ்டெல்லா மேடம் இருந்தார். லிங்கராஜபுரத்துக்காரர். ஆய்வகத்தில் மூக்கை மட்டும் நம்பி வேலை செய்யக்கூடிய ஒரே ஆள். எண்ணெய் படாத மேல்பக்கத்தை முகர்ந்துவிட்டுச் சிரித்தார்.

"எங்கருந்து சார் இது?"

"துப்பாக்கிக்குள்ளருந்து."

"சும்மா சொல்லாதீங்க. இது லிப் பாம். உதட்டுக்குப் போடறது. எங்கக்கா பொண்ணு துபாய்லருந்து கொண்டாந்தா. ஸ்ட்ராபெரி." இன்னொரு முறை முகர்ந்தார். "நூறு சதவீதம் ஸ்ட்ராபெரி. டெஸ்ட் பண்ணித் தரேன், ஆனா டெஸ்டே வேணாம்."

காட்டோரம் கயிற்றுக் கட்டிலில் படுக்கும் வாட்ச்மேன், உதடு வெடிக்காமல் இருக்க ஸ்ட்ராபெரி களிம்பு பூசுகிறார், மீதியை ஈயக்குண்டுக்கும் தடவுகிறார் என்று நான் நம்ப வேண்டியிருந்தது. அரசு ஊழியன் எதையும் நம்பப் பழகியவன்தான். இருந்தாலும் இது கொஞ்சம் அதிகம்.

தேநீர் குடிக்க வாசலுக்கு வந்தேன். மரத்தடியில் ஒரு பெண் நின்றிருந்தாள். கையில் துணிப்பை. சிவண்ணா ஏறிய அதே பஸ்ஸில் அவருக்குத் தெரியாமல் ஏறி வந்திருக்கிறாள், மாதையனின் மனைவி முனியம்மா. துப்பாக்கியை எங்கோ கொண்டுபோகிறார்கள், அங்கே அது உண்மை சொல்லுமாம் என்று ஸ்டேஷனில் யாரோ சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது.

"வழக்குல சம்பந்தப்பட்டவங்ககிட்ட நான் பேசக் கூடாதும்மா," என்றேன்.

"நீங்க பேசாதீங்க சார். நான் பேசறன். எங்க ஊட்டுக்காரரு பன்னி வந்தா மேல மானத்தப் பாத்துதான் வெடிப்பாரு. கொஞ்சூண்டு மருந்து, மேல பேப்பரு. சத்தம் வந்தா போதும், பன்னி ஓடிரும். குண்டு போட்டு நான் பாத்ததே இல்ல. அந்த மானு செத்துக் கிடந்தப்ப இவருக்குக் காய்ச்ச சார். போத்திக்கினு படுத்துக் கெடந்தாரு."

தேநீர் ஆறிப்போனது. பதில் சொல்லக் கூடாது என்பது விதி. விதி இல்லாவிட்டாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

மேலே போனபோது தலைவரின் கூட்டம் முடிந்திருந்தது. துப்பாக்கி காலியாகிவிட்டது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். அவர் முகம் இறுகியிருந்தது.

"மேலருந்து போன் ரீ. மான் கேஸ் ரிப்போர்ட் சாயங்காலத்துக்குள்ள வேணுமாம். வாங்கிட்டுப் போக ஜீப்பே அனுப்பறாங்களாம்."

நம் ஆய்வகத்தின் வேகம் உங்களுக்கு இன்னும் தெரியாது. ஒரு ரிப்போர்ட் வெளியே போவதற்குள் சில வழக்குகளில் சாட்சிகள் தாத்தாவாகியிருக்கிறார்கள். கொலைக் கேசுகள் அலமாரியில் தூங்க, ஒரு புள்ளிமானுக்கு ஜீப் வருகிறது. மிருகங்கள்மேல் அரசுக்கு இவ்வளவு பாசம் என்று அன்றுதான் தெரிந்தது.

போலீஸ் கேட்ட கேள்விகளை எடுத்துப் பார்த்தோம். இது துப்பாக்கியா? இயங்கும் நிலையில் உள்ளதா? மானின் உடலில் இருந்த குண்டு இதிலிருந்து சுடப்பட்டிருக்க முடியுமா? மூன்றுக்கும் பதில் ஆமாம். உள்ளே கோடுகள் வெட்டாத வழவழப்பான குழல் என்பதால் குண்டில் ரேகை விழாது. "இதிலிருந்துதான்" என்று சொல்ல முடியாவிட்டாலும் "முடியும்" என்று சொல்லலாம். ஆமாம், ஆமாம், ஆமாம். மூன்றும் உண்மை. மாதையனின் ஒப்புதலோடு சேர்த்துத் தைத்தால் கச்சிதமான ஒரு சட்டை அவன் உடம்புக்கு.

துணியைப் பற்றி, இரட்டை மருந்தைப் பற்றி, களிம்பைப் பற்றித் தலைவரிடம் சொன்னேன். அவர் கையை உயர்த்தினார்.

"நோடி, பாருங்க. நம்ம கிட்ட யாரு சுட்டான்னு கேட்டாங்களா?"

"இல்ல சார்."

"கேட்டதுக்குப் பதில். கேக்காததுக்கு நாம போனா, நாளைக்குக் கோர்ட்டுல வக்கீலு நம்மளத் தோல உரிச்சுடுவான். துணில ஸ்ட்ராபெரி இருந்தா என்ன? வாட்ச்மேன் ஓனர் வீட்டு டேபிள்லருந்து எடுத்தான்னு சொல்லுவான். ஆயித்தல்ல, முடிஞ்சுதில்ல?"

எரிச்சல் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. ஸ்ட்ராபெரியை வைத்து யாரையும் விடுவிக்கவும் முடியாது, உள்ளே தள்ளவும் முடியாது. வாட்ச்மேனுக்காக மனம் இளகி, அறிவியல் சொல்லாததை அறிவியல் சொன்னதாக எழுதினால், மேலிருந்து போன் செய்தவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? இதை நீங்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நல்லவனுக்குச் சாதகமாகப் பொய் எழுதும் ஆசைதான் இந்த வேலையில் பெரிய ஆபத்து. கெட்டவனுக்குப் பொய் எழுதச் சொன்னால் நமக்கே உறைத்துவிடும்.

"சரி சார். இயங்குதான்னு கேட்டிருக்காங்க. சுட்டுப் பாத்துடறேன்."

"எவ்வளவு மருந்து?"

"உள்ள எவ்வளவு இருந்துதோ அவ்வளவு."

அவர் சரி என்று தலையசைத்தார்.

துப்பாக்கியைப் பிடித்துக்கொள்ளும் இரும்புத் தாங்கி உடைந்து, புதிதுக்கான கோப்பு ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. அதனால் சுடும் அறையில் ஒரு பழைய ஜீப் டயரை நிறுத்தி, துப்பாக்கியை அதில் பெல்ட் போட்டுக் கட்டி, விசையில் நீளக் கயிறு கட்டிப் பக்கத்து அறையிலிருந்து இழுப்பது எங்கள் வழக்கம். டயர் நகராமல் பின்னால் முட்டுக்கொடுக்க ஏதாவது வேண்டும். அங்கே தலைவரின் சுழல் நாற்காலி கிடந்தது. சுடாத நேரத்தில் கட்டடத்திலேயே அமைதியான அறை அதுதான் என்பதால் மதியம் அங்கே வந்து கண்ணை மூடிக்கொள்வார். பச்சை ரெக்சின், மரச்சட்டம், நல்ல கனம். அதையே சுவரோடு சேர்த்து முட்டுக்கொடுத்தேன்.

மானின் உடலில் இருந்த அதே எடையில் ஒரு குண்டைத் துணியில் சுற்றி, அதே அளவு புது மருந்தின்மேல் இடித்து இறக்கினேன். சிவண்ணா பக்கத்து அறையில் காதைப் பொத்திக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மேசைக்கடியில் உட்கார்ந்தார். கயிற்றை இழுத்தேன்.

சத்தத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நீங்களே கேட்கத்தான் போகிறீர்கள். புகை அடங்கி உள்ளே போனோம். குண்டு மணல் மூட்டைக்குள் போயிருந்தது. துப்பாக்கி டயரில் இல்லை. பெல்ட்டை உருவிக்கொண்டு பின்னால் பாய்ந்து, நாற்காலியின் முதுகில் இடித்து, மரச்சட்டத்தை இரண்டாகப் பிளந்துவிட்டுத் தரையில் கிடந்தது. பழைய துப்பாக்கிகளில் தோளில் வைக்கும் கட்டையின் முனையில் உள்வளைந்த இரும்புத் தகடு அடித்திருப்பார்கள். அந்தத் தகடு பச்சை ரெக்சினில் ஒரு பிறையைப் பதித்திருந்தது. கூரான, அழகான பிறை.

தலைவர் வாசலில் நின்று நாற்காலியைப் பார்த்தார். சொந்தக்காரர் சாவுக்கு வந்தவர் மாதிரி பார்த்தார். பிறகு கிட்டே போய், பிளந்த சட்டத்தில் கைவைத்துத் தடவினார். பிறையில் விரலை ஓட்டினார்.

"இத எவனோ தோள்ள வெச்சுச் சுட்டிருக்கான்," என்றார் மெதுவாக.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. நாட்டுத் துப்பாக்கி பிடித்துப் பழகியவன் இவ்வளவு மருந்து போடமாட்டான். போட்டால் கட்டையைத் தோள்குழியில் அழுத்தி, உடம்பை முன்னால் சாய்த்து, உதையை இடுப்பு வரை வாங்கி விடுவான். புத்தகத்தில் படித்தவன் எலும்பின்மேல் தொட்டும் தொடாமலும் வைப்பான். எந்தக் குண்டு, எத்தனை எடை, எந்த மெழுகு என்று பத்திரிகை எல்லாம் சொல்லிக்கொடுக்கும். உதையை மட்டும் தபாலில் அனுப்ப முடியாது.

"சிவண்ணா," என்றேன். "அந்த ஓனர் பையனுக்கு எந்தக் கை தொட்டில்ல இருந்தது?"

"வலது சார்."

"ஸ்கூட்டர்ல எப்ப விழுந்தானாம்?"

சிவண்ணா யோசித்தார். மேசைக்கடியில் இருந்தபோதே வேர்த்திருந்த முகம் இன்னும் வேர்த்தது. "மான் கெடைச்ச அன்னிக்கு, சார்."

துப்பாக்கி ஏன் கெட்டித்தபடியே கிடைத்தது என்பதும் அந்தக் கணத்தில் விளங்கிவிட்டது. ஒருவன் சுட்டிருக்கிறான். இரண்டாவது சுடுவதற்குக் கெட்டித்துக் கொடுத்திருக்கிறார்கள். தோள் கிழிந்தவனுக்கு இரண்டாவது சுட மனம் வரவில்லை. கூட இருந்தவர்களுக்கும் அவன் முகத்தைப் பார்த்து ஆசை போய்விட்டது.

ஆனால் கன்றிப்போன சதை எத்தனை நாள் இருக்கும்? நீலம், பச்சை, மஞ்சள், பிறகு ஒன்றுமில்லை. நம் வழக்கமான வேகத்தில் ரிப்போர்ட் போனால், அதற்குள் அந்தத் தோள் குழந்தையின் தோளாகியிருக்கும்.

"சார், எழுதணும்," என்றேன்.

"பதில் எழுதக் கூடாது," என்றார் தலைவர். அவர் கண் இன்னும் நாற்காலியில் இருந்தது. "கேக்காததுக்குப் பதில் சொல்லக் கூடாதுன்னுதான் நான் சொன்னேன். நாம கேள்வி கேக்கக் கூடாதுன்னு யாரு ரீ சொன்னது?"

அவரே உட்கார்ந்து டைப் செய்தார், ஸ்டூலில். இந்தத் துப்பாக்கியில் இருந்த மருந்தையும் குண்டையும் வைத்துச் சுட்டால் கட்டையில் இன்ன வேகத்தில் உதை வரும், பிறை வடிவத் தழும்பு விழும். ஆகவே முழுக் கருத்துச் சொல்ல, சம்பவத்தன்று அந்தத் தோட்டத்தில் இருந்த ஆண்கள் எல்லாருடைய தோள்பட்டைகளையும், குற்றஞ்சாட்டப்பட்டவர் உட்பட, அரசு மருத்துவர் உடனடியாகப் பரிசோதித்த சான்றிதழ் எங்களுக்குத் தேவை. யார் பேரும் இல்லை. யார் மேலும் சந்தேகம் இல்லை. சந்தேகப்படுவது எங்கள் வேலையே இல்லை. பொட்டலம் நீதிமன்றம் மூலமாக வந்தது என்பதால் ஒரு பிரதி நீதிபதிக்கு, உறையில், முத்திரையுடன்.

சாயங்காலம் ஜீப் வந்தது. சிவண்ணா முன்சீட்டில் உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல்முறை எங்கள் ஆய்வகத்திலிருந்து ஒரு தபால் அதே நாளில் போய்ச் சேர்ந்தது. அதற்கான பெட்ரோலைப் போட்டவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். கேட்டின் அருகே நின்ற முனியம்மாவையும் சிவண்ணா பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார். "பஸ்ல பாத்தேன் சார், கண்டுக்காம இருந்தேன்," என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

நீதிபதி ஒரு பெண்மணி. உறையைப் பிரித்துப் படித்த அன்றே உத்தரவு போட்டார். அரசு டாக்டர் மாதையனின் இரண்டு தோள்களையும் பார்த்தார். சட்டை உரசிய தழும்பு தவிர ஒன்றுமில்லை. ஓனர் பையனின் வலது தோளில், காறை எலும்புக்குக் கீழே, பச்சையும் மஞ்சளுமாக ஒரு பிறை இருந்தது. எலும்பிலும் ஒரு விரிசல். ஸ்கூட்டருக்குப் பிறை வடிவ உறுப்பு எதுவும் இருப்பதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. அவனோடு அன்று இருந்த நண்பன் ஒருவன் இரண்டாவது விசாரணையிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அமெரிக்காவில் பார்த்த வேட்டையை இங்கே ஒருமுறை செய்து பார்க்க ஆசையாம். குண்டு வார்க்கும் அச்சும் அங்கிருந்து கொண்டுவந்ததாம். மெழுகுக்கு மட்டும் உதட்டுக் களிம்பு.

இரண்டு வருடம் கழித்து என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். பையனின் வக்கீல் பெரிய வக்கீல்.

"நீங்க டாக்டரா?"

"இல்லை."

"அப்புறம் தோள்பட்டை பத்தி எப்படிச் சொல்றீங்க?"

"தோள்பட்டை பத்தி நான் எதுவும் சொல்லலையே. நாற்காலி பத்திதான் சொன்னேன்."

நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுவந்தார்கள். அதற்கு எண் போட்டு, சீட்டு ஒட்டி, நீதிமன்ற அறையில் ஓரமாக வைத்துவிட்டார்கள். வழக்கு முடிந்த பிறகும் திரும்பி வரவில்லை. எங்கள் தலைவர் ஓய்வுபெறும் வரை ஸ்டூலில்தான் உட்கார்ந்தார். புது நாற்காலிக்கு விண்ணப்பம் கொடுத்தார். பழையது என்ன ஆனது என்று விளக்கம் கேட்டார்கள். எனக்கு வடக்கே ஒரு கிளை ஆய்வகத்துக்கு மாற்றல் வந்தது. வெயில் நன்றாக இருந்தது. போன் செய்தவருக்குப் பதவி உயர்வு. பையனுக்குத் தண்டனை கிடைத்தது, மேல்முறையீடும் கிடைத்தது. இப்போது அவன் எங்கே இருக்கிறான் என்று கேட்காதீர்கள். உள்ளே இல்லை.

இதையெல்லாம் சொல்லி உங்களை உற்சாகப்படுத்துவது என் நோக்கமில்லை. மேலிருந்து போன் வரும். கேள்வியைச் சின்னதாக வெட்டி உங்கள் மேசையில் வைப்பார்கள், பதில் ஆமாம் என்று வரும்படி. ஆமாம் என்றே சொல்லுங்கள், உண்மை அதுவானால். சொல்லிவிட்டு, பேனாவை மூடுமுன் அவர்கள் கேட்காமல் விட்டது என்ன என்று ஒரு நிமிடம் பாருங்கள். அதை நீங்கள் கேட்க முடியுமா என்று பாருங்கள்.

மாதையனை விடுவித்த அன்று நானும் வேறு ஒரு வழக்குக்காக நீதிமன்றத்தில் இருந்தேன். வராந்தாவில் வெயில் பாதி விழுந்த இடத்தில் முனியம்மாவோடு நின்றிருந்தான். ஒல்லியான மனிதன். யாரும் துரத்தாத இடத்தில் எப்படி நிற்பது என்று தெரியாதவன் போலிருந்தான். அவன்மேல் இருந்த வழக்கு முடிந்துவிட்டது, இப்போது பேசலாம். போய் நின்றேன்.

"ஏம்ப்பா, நீ சுடலைன்னு தெரிஞ்சும் ஏன் ஒத்துக்கிட்டே?"

அவன் முனியம்மாவைப் பார்த்தான். பிறகு என்னை.

"தோட்டத்துல ஓனர் வந்து, நீதான சுட்டேன்னு கேட்டாரு சார். ஸ்டேஷன்ல போயும் நீதான சுட்டேன்னாங்க. காய்ச்சல்ல நிக்க முடியல. ஆமான்னா உக்கார வெச்சாங்க." மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டான். "யாரு சுட்டான்னு ஒருத்தரும் கேக்கல சார். கேட்டிருந்தா சொல்லிருப்பன். நான் பாத்தன்."

"பாத்தியா?"

"சன்னல் வழியா பாத்தன் சார். சுட்டதும் ஓனர் ஊட்டுத் தம்பி கீழ விழுந்து அழுதாரு. நான்தான் எழுந்து போயி தூக்கி, தோளுக்கு எண்ணெ தடவி விட்டன்."

முனியம்மா துணிப்பையைத் தோளில் மாட்டினாள்.

"வா, பஸ்ஸு போயிரும்," என்றாள் அவனிடம்.